46 வயது, 23 நாள் ரத்தப்போக்கு: கர்ப்பப்பையை எடுத்தே ஆகணுமா? மும்பைத் தோழிகள் சொல்லுங்கள்

செம்பூர்க்காரி | செவ்வாய், இரவு 10.50

எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 46. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செம்பூர். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. ஒன்றரை வருடமாக மாதவிலக்குக்கு மட்டும் ஒரு கணக்கும் இல்லை. ஒரு தடவை 20 நாளில் வரும். அப்புறம் இரண்டரை மாதம் எட்டிப் பார்க்காது. "சரி, நின்றுவிட்டது, தொல்லை விட்டது" என்று அலமாரியில் இருந்த நாப்கின் பாக்கெட்டுகளை மகளிடம் தூக்கிக் கொடுத்தேன். அந்த வாரமே மடை திறந்த மாதிரி வந்தது. போன தடவை 23 நாள்.

அதில் பதினேழாவது நாள் காலை, ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் பெண்கள் பெட்டியில், இங்கே சொல்கிற லேடீஸ் டப்பாவில், நின்றுகொண்டிருந்தேன். வடாலா தாண்டியதும் அடிவயிற்றிலிருந்து ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. இரண்டு பேட் வைத்திருந்தும், சிவ்ரி வருவதற்குள் செருப்பு ஈரமாகிவிட்டது. குனிந்து பார்க்கவும் பயம். கதவோரம் நின்ற ஒரு மராட்டி அம்மா எதுவும் கேட்கவில்லை. தன் ஓட்னியை (துப்பட்டாவை) உருவி என் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். உட்கார்ந்திருந்த பெண்ணை எழுப்பி "பஸ், பஸ்" (உட்கார், உட்கார்) என்று என்னை அந்த இடத்தில் அமர்த்தினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் எந்த ஸ்டேஷனில் இறங்கினார் என்றுகூடத் தெரியவில்லை.

அன்று மாலையே வீட்டுப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முக்கால் மணி நேரம் உட்கார வைத்து சோனோகிராஃபி எடுத்தார்கள். கர்ப்பப்பை வீங்கியிருக்கிறதாம். பின்சுவருக்குள் 4.8 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி ஒன்று, உள்சவ்வுக்கு அடியில் 1.9 செ.மீ. இன்னொன்று. உள்சவ்வின் தடிமன் 14 மி.மீ. ஹீமோகுளோபின் 7.4.

டாக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "குழந்தை பெற்றாயிற்று, இனி அந்தப் பை எதற்கு? அடுத்த வியாழன் எடுத்துவிடலாம். சூலகத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டால் பிற்காலத்தில் கேன்சர் பயமும் இல்லை" என்றார். வெளியே கவுண்டரில் ஒரு பெண் பேக்கேஜ் விலை எழுதிய தாளைக் கொடுத்து, இன்ஷூரன்ஸ் கார்டு கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

ஊரிலிருக்கும் என் அக்கா, "இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டு, நின்றதும் கட்டி தானே சுருங்கிவிடும்" என்கிறாள். வீட்டுக்காரர் "டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்கிறார். எது சரி? இந்தக் கட்டி கேன்சராக மாறுமா?


டோம்பிவிலி_மாமி | செவ்வாய், இரவு 11.20

நான் 48 வயதில் எடுத்துக்கொண்டேன், ஐந்து வருடம் ஆகிறது. எனக்கும் கட்டிதான், ஒன்றல்ல, ஆறேழு. கர்ப்பப்பையே ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்கு இருந்தது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அழுகை வரும். எடுத்த பிறகுதான் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வெளியே போகும் தைரியம் வந்தது. ஆறு வாரம் கனமான எதையும் தூக்கவில்லை, அவ்வளவுதான். பயப்படாதே அம்மா, உலகம் அழிந்துவிடாது. சூலகத்தை மட்டும் என் டாக்டர் தொடவில்லை, அதை நன்றாகக் கேட்டுக்கொள்.


வார்டு_அக்கா | புதன், காலை 6.15

நாகர்கோவில்காரி. இங்கே மாநகராட்சி ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய்ப் பிரிவில் 31 வருடம் நர்ஸ், இப்போது ஓய்வு. டாக்டர் இல்லை என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

தங்கச்சி, அந்த வியாழக்கிழமையை முதலில் மறந்துவிடு. 7.4 ஹீமோகுளோபினோடு, அவசரமில்லாத ஒரு பெரிய ஆபரேஷனுக்கு ஒரே வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள்! பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. ரயிலில் கண் இருட்டியது அதனால்தான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லையா? முடி கொத்தாகக் கொட்டவில்லையா?

ஏன் இப்படிக் கண்டபடி வருகிறது என்று கேள். சூலகத்திலிருந்து முட்டை வெளியே வந்தால்தான் அந்த மாதம் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் நன்றாகச் சுரக்கும். நாற்பதுகளின் நடுவில் பல மாதங்கள் முட்டை வெளிவராது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் தனியாக உள்சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். போதும் நிறுத்து என்று சொல்ல ஆள் இல்லை. நின்றுவிட்டது என்று நீ பாக்கெட்டைத் தூக்கிக் கொடுத்த அந்த இரண்டரை மாதமும் உள்ளே சவ்வு சேர்ந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் அது ஒரே மூச்சில் உதிராமல் துண்டு துண்டாக உதிரும், நாள் கணக்கில் போகும். தைராய்டு கோளாறும் இதே வேலையைச் செய்யும், அதனால் அந்த ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துவிடு.

இனி கட்டி. எல்லோரும் எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் கேட்பார்கள், எங்கே இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். வீட்டுச் சுவரை நினைத்துக்கொள். வெளிப்பக்கம் புடைத்தால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. சுவருக்குள்ளேயே இருந்தால் சுவர் தடிக்கும். உள்பக்கச் சுண்ணாம்பைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் வீட்டுக்காரருக்குத் தலைவலி. உனக்கு ரத்தம் கொட்டுவதற்குப் பெரும்பாலும் அந்த 1.9 சின்னவன்தான் காரணமாக இருப்பான், 4.8 பெரியவன் அல்ல. சில ரிப்போர்ட்டில் வகை 0, 1, 2 என்று எண் போட்டிருக்கும். அந்த மூன்றும் உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பவை. அப்படி இருந்தால், வயிற்றைக் கிழிக்காமல், கீழ்வழியாகக் குழாய் விட்டுச் சீவி எடுத்துவிட முடியும். ஹிஸ்டிரோஸ்கோபி என்பார்கள். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம்.

கேன்சராக மாறுமா என்று கேட்டாய். இந்தக் கட்டிகள் சாதாரணத் தசைக் கட்டிகள். 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கும், பலருக்குத் தெரியவே தெரியாது. அதில் புற்றுநோய் என்பது மிக அரிது. எனக்குக் கவலை உன் கட்டியைப் பற்றி அல்ல, அந்த 14 மி.மீ. சவ்வைப் பற்றி. 45 தாண்டியவருக்கு இப்படிப் போனால் சவ்விலிருந்து துளி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். அதைச் செய்யாமல் பையை எடுக்க நாள் குறிப்பது, கடிதத்தைப் பிரிக்காமலே பதில் எழுதுகிற கதை.

உன் அக்கா சொல்வதிலும் பாதி உண்மை. ஹார்மோன் குறைந்தால் கட்டி சுருங்கும். ஆனால் எப்போது குறையும்? 12 மாதம் முழுசாக வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று சொல்வது. நம் நாட்டில் சராசரி 46, 47 என்பார்கள். சராசரியை நம்பி உட்கார முடியாது, 52 வரை போனவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். காத்திருப்பதாக இருந்தால் ரத்தம் ஒழுகாமல் காத்திருக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. போகும் நாட்களில் மட்டும் போட்டுக்கொள்ளும் டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை இருக்கிறது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தவர்களுக்கு ஆகாது. புரொஜெஸ்டிரோன் மாத்திரை இருக்கிறது. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த சஹேலி, கருத்தடை மாத்திரை என்றுதான் எல்லோருக்கும் தெரியும், அதே மருந்தை அதிக ரத்தப்போக்குக்கும் தருகிறார்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் சின்னச் சாதனம் ஒன்றும் இருக்கிறது, ஹார்மோன் 'காயில்' (coil) என்பார்கள். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்யும், ஆனால் முதல் மூன்று நான்கு மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்து எரிச்சலூட்டும். உள்ளறையில் கட்டி துருத்திக்கொண்டிருந்தால் காயில் வெளியே வந்துவிடலாம், அதனால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சையும் பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு. இவை எதுவும் சரிப்படாவிட்டால் எடுப்பது. மாமி சொன்ன மாதிரி ஐந்து மாத அளவுக்கு வளர்ந்துவிட்டால் எடுப்பதே நிம்மதி, அதை நான் மறுக்கவில்லை.

சூலகம் நன்றாக இருந்தால் விட்டுவிடச் சொல். நிற்காத வயதில் இரண்டையும் எடுத்துவிட்டால் ஒரே ராத்திரியில் மெனோபாஸ். உடம்பு தகிக்கும், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. குடும்பத்தில் மார்பக, சூலகப் புற்றுநோய் இருந்தால் அது வேறு பேச்சு.

இன்னொரு டாக்டரிடம் காட்டு. சயான், கே.இ.எம்., நாயர் எல்லாம் மாநகராட்சி ஆஸ்பத்திரிகள்தான். கேஸ் பேப்பர் (பதிவுச் சீட்டு) எடுக்கும் வரிசையில் நிற்கக் காலை ஏழரைக்கே போய்விடு.


தாராவி_நெல்லைக்காரி | புதன், மதியம் 2.05

எங்கள் ஆச்சி இதைப் "பெரும்பாடு" என்பாள். பெயரே சொல்கிறது பாருங்கள்.

நான் எங்கள் பேட்டையில் வீடு வீடாகப் போய் உடல்நலம் பற்றிப் பேசும் வேலை செய்கிறேன். 35, 38 வயதிலேயே எடுத்துக்கொண்ட பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் பயமாக இருக்கிறது. "வெள்ளைப்படுதல் இருந்தது, டாக்டர் எடுக்கச் சொன்னார்" என்பார்கள். எந்தப் பரிசோதனைத் தாளும் கையில் இருக்காது. இதே மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்களில் ஏராளமானவர்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்திருந்தது 2019-இல் வெளியே வந்து, அரசு குழு போட்டு விசாரித்தது. விலக்கு என்று ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஒப்பந்தக்காரர் அபராதம் பிடிப்பார், பை இல்லாவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் எடுத்துவிட்டவர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் இடங்களில் நடந்தது.

உங்களுக்கு நடந்தது அதே கதை என்று சொல்லவில்லை. அந்தப் பேக்கேஜ் தாளைப் படித்ததும் எனக்குக் கை துடித்தது, அவ்வளவுதான்.

இரும்பு மாத்திரை பற்றி ஒரு விஷயம். எங்கள் பக்கம் எல்லோரும் அதை டீயோடு விழுங்குகிறார்கள். டீ, காபி, பால் எதனோடும் வேண்டாம், ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.


இயற்கை_வழி | புதன், இரவு 9.30

ஆபரேஷன், மாத்திரை எதுவும் வேண்டாம் சகோதரி. அசோகப் பட்டைக் கஷாயம், வாழைப்பூச் சாறு 48 நாள். என் அண்ணிக்குக் கட்டி கரைந்தே போய்விட்டது.


வார்டு_அக்கா | புதன், இரவு 10.05

உங்கள் அண்ணிக்கு வயது என்ன? மெனோபாஸ் ஆகியிருந்தால் பட்டை இல்லாமலே சுருங்கியிருக்கும். வாழைப்பூவைப் பொரியல் செய்து தாராளமாகச் சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். 7.4-இல் இருப்பவரிடம் 48 நாள் பொறு என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ரத்தம் கட்டிகட்டியாக விழுகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கஷாயத்துக்கு அங்கே இடமில்லை.


வாஷி_அப்பா | வியாழன், இரவு 11.40

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு 52. நின்று பதினான்கு மாதம் ஆகிவிட்டது. போன ஞாயிறு முதல் லேசாகப் படுகிறது என்கிறாள், வலி எதுவும் இல்லை. "போகிற போக்கில் ஒரு தடவை வந்துவிட்டுப் போகும்" என்று சிரிக்கிறாள். இந்த இழையைப் படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இதுவும் அதே ஃபைப்ராய்டாக இருக்குமா? வரும் ஞாயிறு புனேயில் அவள் தங்கை மகள் கல்யாணம், அது முடிந்ததும் காட்டினால் போதுமா?


வார்டு_அக்கா | வெள்ளி, காலை 5.50

தம்பி, தாராளமாக எழுதலாம். உங்களைப் போல இன்னும் பத்துப் பேர் எழுதினால் நன்றாக இருக்கும்.

12 மாதம் தாண்டி ஒரு சொட்டு பட்டாலும் அதற்கு மாதவிலக்கு என்று பெயர் இல்லை. நாளைக்கே காட்டுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு சவ்வு மெலிந்து போனது, பாலிப் (சவ்வில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி) மாதிரி ஏதாவதுதான் இருக்கும். மீதி ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் நன்றாகக் குணமாகக்கூடியது. ஸ்கேனில் உள்சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் துளி எடுத்துப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போகட்டும், அதற்கு முன் சனிக்கிழமை ஆஸ்பத்திரி இருக்கிறது.


செம்பூர்க்காரி | அடுத்த மாதம், சனி, மாலை 4.30

பதில் போட இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்கவும். வியாழக்கிழமை நான் போகவில்லை. நர்சிங் ஹோமிலிருந்து இரண்டு தடவை ஃபோன் வந்தது, எடுக்கவில்லை.

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். வரிசை நீளம், பெஞ்சு இல்லை, தரையில் உட்கார்ந்தேன். ஆனால் உள்ளே இருந்த டாக்டரம்மா, என் மகள் வயதுதான் இருக்கும், ரிப்போர்ட்டை வைத்து ஒரு கர்ப்பப்பைப் படம் வரைந்து இரண்டு கட்டியையும் புள்ளி வைத்துக் காட்டினார். அக்கா சொன்ன அதே சுவர்க் கதை! சின்னது வகை 1 என்றார், பாதிக்கு மேல் உள்ளறைக்குள் இருக்கிறதாம்.

பயாப்ஸிக்கு மெல்லிய குழாய், மயக்க மருந்து இல்லை. வலி இல்லை என்று சொல்லிப் பொய் சொல்ல மாட்டேன். பிரசவ வலியின் முதல் பிடி மாதிரி ஒன்று, இருபது எண்ணுவதற்குள் முடிந்தது. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு "தண்ணீர்க் குழாயில் இன்றைக்குத் தண்ணீர் வந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளில் முடிவு வந்தது: புற்றுநோய் எதுவும் இல்லை, ஹார்மோன் கோளாறால் சவ்வு தடித்தது மட்டும்தான்.

அதற்குள் நரம்பு வழியாக இரும்பு ஊசி இரண்டு தடவை ஏற்றினார்கள். நேற்று 9.8. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினேன், இது எனக்குப் பெரிய செய்தி. பத்து தாண்டியதும் சின்னக் கட்டியைக் கீழ்வழியாகச் சீவி எடுத்துவிட்டு, அதன் பிறகு ஹார்மோன் காயில் வைக்கலாம் என்று பேச்சு. பெரியவனை அப்படியே விட்டுவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேனில் பார்த்துக்கொள்வோம் என்றார்.

வீட்டுக்காரர் இரண்டாவது தடவை கூடவே வந்தார். டாக்டரம்மா வரைந்த படத்தை அவர்தான் மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன், "தம்பி பெண்டாட்டிக்குக் காட்ட" என்கிறார்.


டோம்பிவிலி_மாமி | சனி, மாலை 5.15

ரொம்ப சந்தோஷம் அம்மா. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், காயில் சரியாக இருக்கிறதா என்று ஒரு செக்கப், இதெல்லாம் எனக்குப் பொறுமை இருந்திருக்காது. ஒரே வெட்டு, வேலை முடிந்தது என்று இருக்கவே எனக்குப் பிடித்தது. எல்லாம் தெரிந்துகொண்டு எடுப்பவளைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லாதீர்கள், அதுதான்.


வார்டு_அக்கா | சனி, மாலை 5.40

யார் சொன்னது மாமி? ஆறு கட்டியோடு நீங்கள் என் வார்டுக்கு வந்திருந்தால் நானே கையெழுத்துப் போடப் பேனா கொடுத்திருப்பேன்.

செம்பூர்த் தங்கச்சி, இரும்பை ஊசியோடு நிறுத்திவிடாதே, அடுத்து மாத்திரை எத்தனை மாதம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். இன்னொன்று, இந்த வயதில் கர்ப்பமே ஆகாது என்று நினைத்துவிடாதே. காயில் வைக்கும்வரை ஜாக்கிரதை.


தாராவி_நெல்லைக்காரி | சனி, இரவு 8.10

அந்த ஓட்னி என்ன ஆச்சு?


செம்பூர்க்காரி | சனி, இரவு 8.25

துவைத்து இஸ்திரி போட்டு ஆபீஸ் பையில் வைத்திருக்கிறேன். அதே வண்டி, அதே டப்பா. இதுவரை ஆளைக் காணவில்லை.


வாஷி_அப்பா | சனி, இரவு 11.10

எல்லோருக்கும் நன்றி. அன்று சனிக்கிழமையே அழைத்துப்போய்விட்டேன். சவ்வு 9 மி.மீ. இருந்தது, உள்ளே ஒரு சின்ன பாலிப். எடுத்துப் பரிசோதித்துவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று இன்று ரிப்போர்ட் கைக்கு வந்தது. கல்யாணத்துக்கும் போய் வந்தோம். அங்கே பந்தியில் உட்கார்ந்தபடியே அவள் தன் மூன்று அக்காக்களிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அதில் ஒருவருக்கு எட்டு மாதமாக இதே கதையாம். திங்கட்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போகிறோம்.